சோறு ஊட்டும்போது போன் யார் கையில்? மூன்று வயதுக் குட்டிகளின் பெற்றோருக்கு ஸ்வீடன் ஆப் சொல்லும் சேதி!

இரவு மணி எட்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்து என்றாலும் சரிதான். தட்டில் பருப்பு சாதம், அதன் மேல் ஒரு சொட்டு நெய். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் பொம்மைப் பாட்டு ஓடுகிறது. மூன்று வயதுக் குட்டியின் கண் திரையில் இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது. அம்மா ஊட்டுகிறார். பாட்டு நின்று விளம்பரம் வந்தால் வாயும் நின்றுவிடுகிறது. எச்சில் படாத சுண்டுவிரலால் விளம்பரத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டுகிறார் அம்மா.

‘போன் இல்லாட்டி ஒரு வாய்கூட இறங்காதுங்க’ என்பது இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்கும் வசனம். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வேலையை மொட்டைமாடி நிலாவும், வேப்பமரத்துக் காக்காவும், கோபுரத்துப் புறாக்களும் செய்துகொண்டிருந்தன. அப்போதும் வேடிக்கை காட்டித்தான் ஊட்டினார்கள். ஆனால், நிலாவுக்கு ஆட்டோபிளே கிடையாது. ஊட்டுகிறவர் பேச்சை நிறுத்தினால் வேடிக்கையும் நின்றுவிடும். ‘போதும்’ என்று குழந்தை முகத்தைத் திருப்பினால் அது அம்மாவுக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குப் பசி எப்போது அடங்கியது என்பதே தெரிவதில்லை.

இதே போனை, இதே வீட்டில், நேர் எதிரான ஒரு வேலைக்குப் பயன்படுத்த முடியுமா? குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதற்குப் பதிலாக, பெற்றோருக்கு நினைவூட்ட? அதை முறையாகச் செய்து பார்த்து, கிடைத்த பலனையும் கிடைக்காத பலனையும் ஒளிக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள் ஸ்வீடனில்.

திரையில் குழந்தைக்கு ஒன்றுமே இல்லாத ஆப்

அந்த ஆப்பின் பெயர் ‘மினிஸ்டாப்’. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட், லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. அதில் பொம்மையோ பாட்டோ விளையாட்டோ கிடையாது. ஏனென்றால், அது குழந்தைக்கான ஆப் அல்ல. பெற்றோருக்கானது.

இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தலைப்பு மாறும். ஒரு சமயம் காலை உணவு, இன்னொரு சமயம் இனிப்பு, பிறகு காய்கறி, ஓட்டம், தூக்கம், விசேஷ நாள்களில் சாப்பாடு. ஒவ்வொரு தலைப்பிலும் சின்னச் சின்னக் குறிப்புகள் வரும். பிள்ளை எவ்வளவு பழம், காய் சாப்பிட்டது, எவ்வளவு இனிப்பும் இனிப்புப் பானமும் உள்ளே போயின, எவ்வளவு நேரம் ஓடியாடியது, எவ்வளவு நேரம் திரை பார்த்தது என்பதைப் பெற்றோர் பதிய வேண்டும். எது சரியாகப் போகிறது, எதில் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று ஆப் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். ஆறு மாதங்கள் இப்படி ஓடும்.

முதல் ஆய்வு 4 வயதுக் குழந்தைகள் 315 பேரின் குடும்பங்களில் நடந்தது. முடிவு 2017-ல் வெளியானது. உடல் கொழுப்பில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால், உணவு, விளையாட்டு சார்ந்த பழக்கங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, ஆப் வைத்திருந்த குடும்பங்கள் முன்னேறியிருந்தன. தொடங்கியதிலிருந்து 12 மாதம் கழித்து மீண்டும் பார்த்தால், அந்த முன்னேற்றமும் தேய்ந்துபோயிருந்தது. ஆப் பேசுவதை நிறுத்திய சில மாதங்களிலேயே வீடு பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. ஜிம்முக்குப் பணம் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

ஆய்வாளர்கள் ஆப்பைத் தூக்கிப் போடவில்லை. அதைத் தரும் வழியை மாற்றினார்கள். இரண்டாவது ஆய்வில், இரண்டரை வயதுப் பரிசோதனைக்கு வரும் பெற்றோரிடம் குழந்தைகள் நல மையத்தின் நர்ஸே ஆப்பை அறிமுகம் செய்துவைத்தார். ஸ்வீடிஷ் தெரியாத குடும்பங்களும் விட்டுப்போகக் கூடாது என்று ஆங்கிலம், அரபி, சோமாலி மொழிகளிலும் ஆப் தயாரானது. இந்த முறை 552 குடும்பங்கள். 2023-ல் முடிவு வந்தது.

ஆப் வைத்திருந்த வீட்டுக் குழந்தைகள், மற்ற குழந்தைகளைவிட நாளொன்றுக்குச் சுமார் 7 கிராம் குறைவாக இனிப்பும் நொறுக்குத்தீனியும் சாப்பிட்டார்கள். இனிப்புப் பானம் சுமார் 31 கிராம் குறைவு. திரை நேரம் சுமார் 7 நிமிடம் குறைவு. எடையில் இந்த முறையும் வித்தியாசம் இல்லை.

‘இவ்வளவுதானா?’ என்று கேட்கத் தோன்றும். 7 கிராம் என்பது ஒன்றரை குளுக்கோஸ் பிஸ்கட். 31 கிராம் பானம் என்பது இரண்டு டேபிள்ஸ்பூன். 7 நிமிடம் என்பது இரண்டு பாட்டு. ஆனால், அதே அளவு ஒரு வருடம் நீடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை கிலோ நொறுக்குத்தீனி, 42 மணி நேரத்துக்கு மேல் திரை. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், யாரும் யாரையும் திட்டாமல் கிடைத்த குறைவு அது. நீடித்தால் என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

தடுப்பூசி இல்லாத மூன்று வருடங்கள்

ஸ்வீடன்காரர்கள் இரண்டரை வயதைத் தேர்ந்தெடுத்ததில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை, ஒன்றேமுக்கால் வயது வரை அடிக்கடி ஊசி, அடிக்கடி நர்ஸ் அக்காவைப் பார்ப்பது, அடிக்கடி எடை. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டரோடு அந்தப் போக்குவரத்து குறைந்துவிடுகிறது. அடுத்த பூஸ்டர் ஊசி 5 முதல் 6 வயதில்தான். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்தும், பூச்சி மாத்திரையும் உண்டு. காய்ச்சல், சளி வந்தால் டாக்டரைப் பார்ப்போம். மற்றபடி ‘பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எப்போது தூங்குகிறது’ என்று உட்கார்ந்து பேச ஆள் இல்லாத காலம் அது.

குழந்தைக்கு நாக்கு ருசி அறிவதும், ‘வேணாம்’ என்று சொல்லப் பழகுவதும், கடை எங்கே இருக்கிறது என்று தெரிவதும் இதே காலத்தில்தான்.

இந்த இடைவெளி நம் அரசு ஆப்களிலும் அப்படியே இருக்கிறது. மத்திய சுகாதாரத் துறை 2022 செப்டம்பரில் ‘பாலன் 1000’ என்ற பெற்றோர் ஆப்பை வெளியிட்டது. பெயரே சொல்வதுபோல, அது கர்ப்பத்தில் தொடங்கும் முதல் 1,000 நாள்களுக்கானது. அதாவது இரண்டு வயதோடு கதை முடிகிறது. 2021 மார்ச்சில் வந்த ‘போஷன் டிராக்கர்’ தமிழ் உட்பட 24 மொழிகளில் இயங்குகிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளின் உயரம், எடை, வருகை எல்லாம் அதில் பதிவாகின்றன. ஆனால், அது அங்கன்வாடிப் பணியாளரின் கையில் இருக்கும் பதிவேடு. பெற்றோருக்கு அதில் வேலை, குழந்தையைத் தராசில் நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது.

மிச்சமிருக்கும் மூன்று, நான்கு வயதுக் குட்டியின் அம்மாவுக்கு ஆப் ஸ்டோரில் கிடைப்பது பெரும்பாலும் குழந்தையின் கையில் போனைக் கொடுக்கச் சொல்லும் ஆப்கள். பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு, காய்கறி நறுக்கும் விளையாட்டு என்று பெயர் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். திரையில் கேரட் நறுக்குகிற பிள்ளை தட்டில் இருக்கிற கேரட்டைத் தொட வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

இத்தனைக்கும் எடையைக் குறித்து, தாயிடம் காட்டி, பேசிப் பழக்கத்தை மாற்றும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதே அல்ல. 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். கோட்டுப்படத்தில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. ஏறியதும் நிறுத்தம். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கும் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று புரிந்தது. பேட்டரியும் சிக்னலும் தேவைப்படாத ஆப் என்றே அதைச் சொல்லலாம்.

நம் கவலை ஒன்றல்ல, இரண்டு

ஸ்வீடன் ஆப்பை அப்படியே தமிழில் மொழிபெயர்த்து இறக்கிவிட முடியுமா? முடியாது. அங்கே கவலை ஒன்றுதான்: பிள்ளை குண்டாகிவிடக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 4.3 சதவிகிதம் பேருக்குத்தான் எடை அதிகம். 22 சதவிகிதம் பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. 25 சதவிகிதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்த ரத்தசோகை ஏறியிருக்கிறதே தவிர, இறங்கவில்லை.

ஒரே தெருவில் கன்னம் உப்பிய பிள்ளையும் விலா எலும்பு தெரியும் பிள்ளையும் விளையாடுகிறார்கள். கன்னம் உப்பிய பிள்ளைக்கும் ரத்தசோகை இருக்கலாம். வெளிநாட்டு ஆப் ஒன்று ‘கொழுப்பு நீக்கிய பால் கொடுங்கள், நெய்யைக் குறையுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், எடை குறைவான பிள்ளைக்கு அது தப்பான அறிவுரை. அதனால்தான் எந்த ஆப்பைத் திறப்பதற்கு முன்பும் குழந்தையின் எடை, உயரம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு சிக்கல், அந்த ஆப்களின் உணவுப் பட்டியல். சிதம்பரம் கொத்சுவை அதில் தேடினால் கிடைக்காது. ஆப்பிளும் புளூபெர்ரியும் கிடைக்கும்.

போனே யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரிடம் தாங்களே பயன்படுத்தும் போன் இருந்தது. இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கும்தான். ஆனாலும், ஒரே ஒரு ஸ்மார்ட்போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் கையில் இருப்பது பட்டன் போன். நாட்டிலேயே சிறந்த ஆப்பாக இருந்தாலும் பாட்டியிடம் போய்ச் சேராவிட்டால், மதியம் மூன்று மணிக்கு டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பது தொடரும்.

இருக்கிற போனே போதும்

மினிஸ்டாப்பில் வேலை செய்தது மூன்று விஷயங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தலைப்பு. தினமும் ஒரு சின்னப் பதிவு. அதைப் பார்த்துப் பேச ஒரு மனிதர். மூன்றையும் வாட்ஸ்அப்பிலும் அலாரத்திலும் செய்துவிடலாம், புது ஆப் தேவையில்லை.

அம்மா, அப்பா, பாட்டி, அத்தை என்று பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் மட்டும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். இரவு படுக்கும் முன் ஒரே ஒரு வரி: ‘பழம் 1, காய் 2, இனிப்பு 1, ஓட்டம் 90, திரை 40’. ஞாயிற்றுக்கிழமை மேலே தள்ளிப் பார்த்தால் ஏழு வரிகள் இருக்கும். அதுவே ரிப்போர்ட். பட்டன் போன் பாட்டிக்கு, மளிகைக் கடை கொடுத்த காலண்டரின் கட்டங்களில் ஒரு கோடு போதும். பாட்டி காலண்டரில் கோடு போடுவதை அம்மா இரவில் குரூப்பில் ஏற்றிவிடலாம். கோபமாக ஒரு ஸ்மைலி போடாமல் இருப்பது முக்கியம். மருமகள் கணக்கு எடுக்கிறாள் என்று ஆகிவிட்டால் அன்றோடு கோடும் நின்றுவிடும்.

முதல் இரண்டு வாரத் தலைப்பாக டீயை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் காலையில் டீயில் ரஸ்க், வருக்கி, பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பது பாசத்தின் ஒரு வடிவம். டீயில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். பிஸ்கட் வயிற்றை அடைத்துவிடுவதால் எட்டரை மணி இட்லி உள்ளே போகாது. இட்லி போகவில்லையே என்ற கவலையில் போன் வெளியே வரும். ஒரு டம்ளர் டீயில் தொடங்கும் சங்கிலி இது. டீயை நிறுத்தினால் முதல் மூன்று நாள் அழுகை நிச்சயம். பிறகு பசி எடுக்கும். பசித்த வாய்க்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் கசக்காது, காரத்தை மட்டும் குறைத்துவிட்டால்.

டீக்குப் பதில் சத்துப் பவுடர் கலந்த பால் என்று போகிறவர்கள், டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படித்துவிடுங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு பிரிவே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதால், இத்தகைய பானங்களை அந்தப் பெயரில் பட்டியலிட வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. விளம்பரம் இருக்கட்டும், சட்டத்தில் அப்படி ஒரு பானமே இல்லை.

நொறுக்குத்தீனித் தலைப்புக்கு வெளியூரில் தேட வேண்டாம். விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலை, பண்ருட்டி முந்திரி, சீசனில் பலாச்சுளை எல்லாம் மாவட்டத்துக்குள்ளேயே விளைகின்றன. ஒரு எச்சரிக்கை: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கடலையையும் முந்திரியையும் முழுசாகக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. பொடித்து சாதத்தில் பிசையலாம், உருண்டை பிடிப்பதானால் நைஸாக அரைத்துப் பிடிக்கலாம். பலாச்சுளையையும் கொட்டை நீக்கி, சின்னதாக நறுக்கித்தான். முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் மீனை முள் பார்த்து எடுத்து உதிர்த்துக் கொடுத்தால், இரும்புச்சத்தும் புரதமும் சேர்ந்தே கிடைக்கும்.

இரும்புச்சத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை, ஒருமுறைக்கு 1 மில்லி இரும்புச்சத்து சிரப் என்பது 2018-ல் தொடங்கிய ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டத்தின் ஏற்பாடு. கிராம சுகாதார செவிலியரிடமோ, அங்கன்வாடியிலோ கேளுங்கள். பாட்டில் கைக்கு வந்த பிறகு நடப்பது என்ன தெரியுமா? மறந்துபோவது. வாரம் இருமுறை என்பதால் அது தினசரிப் பழக்கமாகவும் ஆவதில்லை. போனின் அலாரம் இந்த ஒரு வேலைக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது போலிருக்கும். செவ்வாய், வெள்ளி என்று இரண்டு கிழமைகளைத் தேர்ந்தெடுத்து, ‘சிரப்’ என்று பெயர் போட்டு வைத்துவிடுங்கள். காய்ச்சலாக இருக்கும்போது மட்டும் செவிலியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தூக்கத்துக்குப் பின்னோக்கிக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் தினமும் 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம்.

தூக்கத்தில்தான் பல வீடுகள் தோற்கின்றன. காலை 7 மணிக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை, சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவி, எல்லோரும் படுக்கும் பதினொன்றரைக்குத் தூங்கினால் ஏழரை மணி நேரம். மதியம் ஒன்றரை மணி நேரம் சேர்த்தாலும் ஒன்பதுதான். அதையே ஒன்பதரைக்கு மாற்றினால் பதினொன்று. போனில் காலை அலாரம் எல்லோரும் வைக்கிறோம். இரவு எட்டே முக்காலுக்கு ‘விளக்கைக் குறை’ என்று ஓர் அலாரம் வைத்துப் பாருங்கள். அது அடிப்பது பிள்ளைக்காக என்று நினைப்போம். உண்மையில் டி.வி ரிமோட் வைத்திருப்பவருக்காக.

180 நிமிட ஓட்டத்துக்கு நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணல் இருக்கிறது. சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகள் இருக்கின்றன, போக்குவரத்து குறையும் நேரம் பார்த்து ஒரு சுற்று வரலாம். பிரச்னை ஐப்பசியில்தான் தொடங்கும். கடலூருக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011-ல் ‘தானே’, 2015 வெள்ளம், 2024-ல் ‘ஃபெஞ்சல்’ என்று பட்டியல் நீளம். புயல் இல்லாத வருடத்திலும் வாரக்கணக்கில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். அந்த நாள்களில் குரூப்பில் ‘திரை 40’ என்பது ‘திரை 200’ ஆகும். மழை மாதங்களில் ஓட்டக் கட்டத்தை ‘வீட்டுக்குள் ஆட்டம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். போனில் பாட்டைப் போட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடவிட்டால் அது திரை நேரத்தில் சேராது. தலையணை தாண்டுவது, கொடிக்கயிற்றில் கட்டிய பலூனைத் தட்டுவது எல்லாம் ஓட்டக் கணக்குதான்.

லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் அப்பா வளைகுடாவில் இருப்பார், சித்தப்பா சிங்கப்பூரில் இருப்பார். தினமும் வீடியோ கால் வரும். அதையும் திரை நேரத்தில் சேர்க்க வேண்டுமா என்ற கவலை வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்று கறாராகச் சொல்லும் இடத்திலும், உறவினருடன் எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு தருகிறது. அப்பா திரையில் இருந்தபடி, ‘எங்கே, நீயே ஒரு வாய் எடுத்துச் சாப்பிடு பார்க்கலாம்’ என்று சொல்வது வேறு, பொம்மைப் பாட்டு வேறு.

தட்டுக்குப் பக்கத்திலிருந்து போனை எடுப்பது எப்படி?

அதே வழிகாட்டுதல், சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் நேரத்திலும் திரை வேண்டாம் என்கிறது. சொல்வது எளிது. மூன்று வேளையும் ஒரேயடியாக நிறுத்தினால் வீடு போர்க்களமாகும். பசி அதிகமாக இருக்கும் ஒரு வேளையை, பெரும்பாலும் அது காலை, முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேளைக்குப் போன் வேறு அறையில் இருக்கட்டும், பெரியவர்களுடையதும்தான். பிள்ளைக்குத் தனித் தட்டு, தன் கையாலேயே பிசைந்து சாப்பிடும் உரிமை, கீழே சிந்த ஒரு பழைய நியூஸ்பேப்பர். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடலாம். கெஞ்சலும் மிரட்டலும் வேண்டாம். இடையில் பிஸ்கட் தராமல் இருந்தால் அடுத்த வேளை பசி வந்துவிடும்.

நன்றாக வளரும் பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே எடை குறைவாக இருக்கும் பிள்ளையாக இருந்தாலோ, அடிக்கடி நோய்வாய்ப்பட்டாலோ, இந்தப் பரிசோதனையைத் தொடங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

அந்த ஒரு மணி நேரத் திரைக்கும் போனிலேயே சில பூட்டுகள் இருக்கின்றன. யூடியூப் கிட்ஸில் டைமர் உண்டு, நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு போன்களின் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியில் ஒவ்வொரு ஆப்புக்கும் தினசரி வரம்பு வைக்கலாம். முதலில் உங்கள் போனில் உங்களுடைய எண்ணையே பாருங்கள். சிலருக்கு அது பிள்ளையின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும்.

புதிதாக ஏதாவது குழந்தை வளர்ப்பு ஆப் இறக்குவதாக இருந்தால், அது பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் கேட்கிறதா என்று கவனியுங்கள். உயரம், எடை குறிக்க மாதக் கணக்கில் வயது போதும், போட்டோ எதற்கு? 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை சொல்கிறது. சம்மதம் என்று திரையில் வரும் கட்டத்தைப் படிக்காமல் தட்டிவிட்டு, பிறகு சட்டத்தைத் தேடிப் பயனில்லை.

பேச ஒரு மனிதர்

ஸ்வீடனில் நர்ஸ் செய்த வேலைக்கு நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊர்வழக்கில் பால்வாடி. மதியம் கலவை சாதமும் முட்டையும் கிடைக்கும் இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். எடையும் உயரமும் பார்க்கும் இடம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். தனியார் பிளே ஸ்கூலுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் அங்கே போய் எடை பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இருமுறை வர வேண்டும் என்பது விதி. எப்போது வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு அன்றைக்கும் ஓர் அலாரம்.

கோடு படுத்துவிட்டது என்று தெரிந்தால், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும் சிதம்பரத்தில் காமராஜ் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. அண்ணாமலை நகரில் இருக்கும் பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர் இருப்பதைப் பார்த்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சிதம்பரம் பஸ் ஏறுங்கள். நேரில் போக முடியாதபோது 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது வாட்ஸ்அப் குரூப்பின் கடைசி நான்கு வார வரிகளை டாக்டரிடம் காட்டுங்கள். ‘சரியாவே சாப்பிட மாட்டேங்கறா’ என்று சொல்வதைவிட அவருக்கு அதில் அதிகம் புரியும். அடுத்த முறை பால்வாடியில் எடை போடும்போது, டீச்சர் தன் போனில் ஏற்றும் எண்ணை எட்டிப் பார்த்து உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள். கிலோவை மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள், பின்னால் வரும் கிராமையும் சேர்த்து.